அரணாக்கயிறும் பத்து கிராம் ட்யூபும்: படர்தாமரை வந்தவர்கள் சொல்லுங்கள்

அயர்ன்மாஸ்டர்:

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருக்கிறேன். ஆவி அடிக்கிற பெட்டிக்கு முன்னால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நிற்க வேண்டும். இடுப்புக்குக் கீழே எப்போதும் ஈரம்தான். வேலை முடிந்தாலும் உடனே குளிக்க மாட்டேன். அதே ஜட்டி பனியனோடு டீக்கடை, பேச்சு, அப்புறம் சாப்பாடு, படுக்கை. காலையில் குளித்தால் போதும் என்று ஒரு கணக்கு.

மூன்று வருடம் முன்னால், சித்திரை மாதம், அரணாக்கயிறு படுகிற இடத்தில் நாணயம் அளவுக்கு வட்டமாகச் சிவந்தது. நடுவில் தோல் நன்றாக இருக்கும். ஓரம் மட்டும் தடித்து, பொரிந்து, செதில் செதிலாக. அம்மா பார்த்துவிட்டு, "சூடு கண்ணு, எண்ணெய் தேச்சுக் குளி" என்றார். குளித்தேன். அரிப்பு போகவில்லை.

மெடிக்கலில் காட்டினேன். ஒரு சின்ன ட்யூப் கொடுத்தார்கள். மூன்றே நாளில் அரிப்பு நின்றது, சிவப்பும் மறைந்தது. இத்தனை நாள் ஏன் சொறிந்துகொண்டு கிடந்தோம் என்று நினைத்தேன். தடவுவதை நிறுத்திய பத்தாம் நாள் தொடை இடுக்கில் வந்தது. மறுபடி ட்யூப். மறுபடி மூன்று நாள் சுகம். இப்படியே ஒன்றரை வருடம். அதற்குள் மனைவிக்கு மார்புக்குக் கீழே, நான்கு வயதுப் பையனுக்கு இடுப்பில், கடைசியில் கன்னத்தில். பையன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தோல் டாக்டரிடம் போனேன்.

அவர் செதிலைச் சுரண்டி ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து, ஏதோ சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பூஞ்சை என்றார். தொடையில் வெள்ளை வெள்ளையாக வரி விழுந்திருந்ததைக் காட்டி, "இது பூஞ்சையால வந்தது இல்ல, நீங்க தடவின ஸ்டீராய்டால வந்தது. இந்த வரி போகாது" என்றார். அதன் பிறகு மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. வீட்டில் எத்தனை பேர்? துண்டு தனித்தனியா? சோப்பு? துணி எங்கே காய்கிறது? ஒரே துண்டு, ஒரே சோப்பு. துணி காய்வது இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவில், வெயில் எட்டிப் பார்க்காத சந்தில்.

கடைசியாகத்தான் கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். "இத முதல்ல அறுத்துப் போடுங்க. வேர்வை ஊறிக் காயவே காயாது. உதிர்ந்த செதில்ல பூஞ்சை மாசக்கணக்கா உயிரோட இருக்கும். மாத்திரை ஒரு பக்கம் வேலை செய்ய, கயிறு மறுபடி ஒட்ட வெச்சுக்கிட்டே இருக்கும்."

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார். செத்தவனுக்குத்தான் கயிறு அறுப்பார்கள் என்பது அவர் பேச்சு. இரண்டு நாள் சாப்பிடவில்லை. என்னுடையதை நானே அறுத்தேன். பையனுடையதில் கை வைக்க விடவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

விடுதிவாசி:

எங்கள் அறையில் ஆறு பேர், ஆறு பேருக்கும் இருந்தது. ஒருவன் ஜீன்ஸை இன்னொருவன் போடுவது எங்களுக்குப் பெருமை வேறு. துவைப்பது மாதம் ஒரு முறை. டாக்டர் சொன்னபடி உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் காயப் போட்டு, தையல் ஓரங்களில் சூடாக அயர்ன் செய்தேன். ஜீன்ஸை விட்டு வேட்டிக்கு மாறியதுதான் பாதி மருந்து. கல்லூரியில் கிண்டல் செய்தார்கள், செய்யட்டும்.

மாடிக்கொடி:

பெண்கள் யாரும் எழுத மாட்டார்கள் என்று தெரியும், நானே எழுதுகிறேன். சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் துணி காயாது. பாதி ஈரத்தோடு உள்பாவாடையைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போவேன். நாடா இறுகுகிற இடத்தில் சுற்றிலும் வந்தது. டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு எட்டு மாதம் கடத்தினேன். யாரோ சொன்னார்கள் என்று பூண்டை அரைத்துப் பூசி, தோல் வெந்து கொப்பளித்ததுதான் மிச்சம். தயவுசெய்து பூண்டு வேண்டாம்.

பாட்டி ஊரில் வண்டுகொல்லி இலை, அதுதான் சீமை அகத்தி, அரைத்துப் போடுவார்கள். அதை நான் கேலி செய்ய மாட்டேன். பூஞ்சையை அடக்கும் சரக்கு அந்த இலையில் உண்டு. ஆனால் இடுப்பைச் சுற்றிப் படர்ந்த பிறகு இலையை நம்பி உட்கார முடியாது. எனக்கு மாத்திரை இரண்டு மாதம் போனது. இப்போது வீட்டில் ஆளுக்கொரு நிறத்தில் துண்டு. மழைக்காலத்தில் நாடாவை மட்டுமாவது அயர்ன் செய்துதான் கட்டுகிறேன்.

கல்லாப்பெட்டி:

அந்த ட்யூபைக் கொடுக்கிற கையே எழுதுகிறது, திட்டாதீர்கள். இருபது வருடமாக மருந்துக்கடை. அதில் பெரும்பாலும் மூன்று சரக்கு இருக்கும்: பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே க்ளோபெட்டசால். இந்த மூன்றாவதுதான் மூன்று நாள் சுகத்துக்குக் காரணம். ஸ்டீராய்டுகளில் மிகவும் வீரியமான வகை அது. சிவப்பும் அரிப்பும் உடம்பு பூஞ்சையை எதிர்ப்பதால் வருவது. அந்த எதிர்ப்பை இது அமுக்கிவிடும்; பூஞ்சைக்கு வசதியாகப் போய்விடும். வட்டத்தின் ஓரம் கலைந்து, டாக்டருக்கே சட்டென்று அடையாளம் தெரியாத மாதிரி ஆகிவிடும்.

2018-இல் மத்திய அரசு இந்த வகை ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை எச்-இல் சேர்த்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்கிறார்கள். நானும் விற்றிருக்கிறேன். இல்லை என்று சொன்னால் வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பதுதான் காரணம், வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை. என் மகளுக்கு வந்த பிறகு நிறுத்தினேன்.

இன்னொன்று. இப்போது பரவுகிற பூஞ்சை பழைய ஆள் இல்லை. 2020-இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று தனிப் பெயரே வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. டெர்பினஃபின் மாத்திரைக்கு இது பல பேரிடம் மசிவதில்லை. அதனால் இட்ராகொனசோல் எழுதுகிறார்கள். அந்தக் காப்ஸ்யூலை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, கூடவே வாயு மாத்திரையும் போட்டுக்கொண்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று என்னிடமே சண்டைக்கு வருகிறார்கள். சாப்பிட்ட கையோடு போட வேண்டும். வேறு மாத்திரை எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இதோடு சேரக் கூடாதவை நிறைய. அரிப்பு நின்றதும் பாதியில் விடாதீர்கள். தோல் பார்க்கத் தெளிவான பிறகும் இரண்டு வாரமாவது தொடரச் சொல்வார்கள்.

அயர்ன்மாஸ்டர்:

நன்றி அண்ணா, ஒளிக்காமல் சொன்னதற்கு. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்த்தோம். நான்கு மாதம் ஆனது. இப்போது வேலை முடிந்ததும் கம்பெனிக் குழாயிலேயே குளித்து, துவட்டி, காய்ந்த லுங்கி கட்டிக்கொண்டுதான் டீக்கடைக்கே போகிறேன். துணிக்கொடியை வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டை மாடிக்கு மாற்றினோம். அதற்கு வாடகையில் நூறு ரூபாய் ஏற்றினார், அது தனிக்கதை.

பையனுடைய கயிற்றை அம்மாவே ஒரு நாள் கழற்றினார், அவன் தூங்கும்போது. அறுக்கவில்லை, முடிச்சை அவிழ்த்து சாமி படத்துக்குக் கீழே வைத்தார். போன வாரம் ஊருக்குப் போய்த் திரும்பிய அம்மாவின் பையில் புதுக் கறுப்புக் கயிறு ஒரு சுருள் இருந்தது. பார்த்தேன். இன்னும் கேட்கவில்லை.