ஆத்தங்குடிக் கல்லில் ரத்தக் கறை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஒரு துப்பறியும் கதை பாதியில் நிற்கிறது. செட்டிநாட்டு வீட்டு வளவில் கொலை. கொலைகாரன் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிடுகிறான்.

லூமினால் என்ற வேதிப்பொருளைத் தெளித்தால், ரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பால் அது நீலமாக ஒளிரும். சரி, பிளீச்சிங் பவுடர் பட்ட இடமும் ஒளிருமே! அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ரத்தத்தை எப்படிப் பிரித்தறிவார்கள்?

அப்புறம் டி.என்.ஏ. சிவப்பணுவில் உட்கரு இல்லை, வெள்ளையணுவிலிருந்துதான் எடுக்கவேண்டும். (முதல் வரைவில் மாற்றி எழுதி, நர்ஸ் வேலை பார்க்கும் மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) கல் இடுக்கில் கசிந்து காய்ந்த துளியை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுப்பார்களா, கல்லையே பெயர்த்துவிடுவார்களா? உலர்த்தி, காகித உறையில் போடவேண்டும், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும் என்பதுவரை படித்துவிட்டேன்.

தடயவியல் ஆய்வகத்தில் இருந்தவர்கள் யாராவது கைகொடுங்களேன்.