புது மாடல் பம்பில் போட்ட பணம் திரும்பியதா? ஆடிட்டர் லாபம் என்கிறார், அப்பா நட்டம் என்கிறார்

கணபதி_பம்ப்:

வணக்கம். கோவை கணபதியில் சின்ன மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) யூனிட் நடத்துகிறோம். அப்பா இரண்டு லேத்தோடு ஆரம்பித்தது. 2022 மார்ச்சில், கரண்ட் குறைவாக இழுக்கும் 1 ஹெச்.பி. மாடல் ஒன்றைப் புதிதாகச் செய்ய இறங்கினேன். யோசனை முழுக்க என்னுடையது, அதனால்தான் இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

செலவு: வார்ப்புக்கான பேட்டர்ன், கோர் பாக்ஸ் 3.2 லட்சம். லேமினேஷன் என்ற மோட்டார் உள்தகடுகளை வெட்ட ஸ்டாம்பிங் டை (அச்சு) 6.5 லட்சம். டிரையல் வார்ப்பு, வைண்டிங் 2.1 லட்சம். டெஸ்டிங் 1.4 லட்சம். டிசைன் பையனுக்கு மாதம் 32,000 வீதம் 14 மாதச் சம்பளம், 4.48 லட்சம். மொத்தம் 17.68 லட்சம்.

2023 ஜூனில் விற்க ஆரம்பித்தோம். 2025 ஜனவரி வரை 20 மாதத்தில் 1,150 பம்ப் போயிருக்கிறது. டீலருக்கு 7,900, மெட்டீரியல், ஜாப் ஒர்க் எல்லாம் சேர்த்து 5,900. பம்புக்கு 2,000 நிற்கிறது, அப்படியென்றால் 23 லட்சம். ஆடிட்டர் ‘லாபம்தான் தம்பி’ என்கிறார். அப்பாவோ, ‘லாபம் என்றால் காசு எங்கே? பழைய மாடலும் படுத்துவிட்டதே’ என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. பழைய 1 ஹெச்.பி. மாதம் 90 போனது, இப்போது 65தான். யார் சொல்வது சரி? எதை வைத்து அளப்பது?

காஸ்டிங்_கணக்கர்:

தம்பி, நான் முப்பது வருஷம் தொழிற்சாலைகளில் காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்கு, பார்த்தவன். உங்கள் அப்பா பக்கம் கொஞ்சம் அதிகமாகவே நியாயம் இருக்கிறது.

ஆடிட்டர் பார்ப்பது வருஷக் கணக்கு. டை சொத்தாகப் போய், தேய்மானமாக ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகும். டிசைன் பையன் சம்பளம் மற்ற சம்பளத்தோடு எப்போதோ கலந்துவிட்டது. அவர் கணக்கு சட்டப்படி சரி. ஆனால் இந்த ஒரு மாடலில் போட்ட பணம் திரும்பியதா என்பதை அது காட்டாது.

நீங்கள் கேட்க வேண்டியது: இந்த மாடலைச் செய்யாமலே இருந்திருந்தால் இன்று கையில் எவ்வளவு இருந்திருக்கும்? அதற்கும் இப்போது இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் வருமானம். பழைய மாடலில் மாதம் 25 குறைந்தது, 20 மாதத்துக்கு 500 பம்ப். பழையதில் பம்புக்கு எவ்வளவு நின்றது? அதைப் பெருக்கி 23 லட்சத்தில் கழியுங்கள். வாரண்டியில் திரும்பி வந்ததையும் கழியுங்கள். டீலருக்குக் கூடுதல் நாள் கடன் கொடுத்திருந்தால் அந்த வட்டியையும்.

இன்னொன்று, நாட்களை எண்ணுவதை விற்பனை தொடங்கிய தேதியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 1990 வாக்கில் அமெரிக்காவின் ஹியூலட் பேக்கர்ட் கம்பெனியில் ஒரு புதுப் பொருளின் ஆராய்ச்சி தொடங்கிய நாளிலிருந்து, போட்ட பணம் லாபமாகத் திரும்பும் நாள் வரைக்கும் எண்ணினார்கள். உங்களுக்கு அந்தக் கணக்கு 2022 மார்ச்சில் ஆரம்பிக்கிறது. பட்டறையில் தாமதமான மாதங்கள் அதில்தான் தெரியும்.

பொள்ளாச்சி_டீலர்:

கணக்கர் அய்யா சொன்னதில் ஒரு திருத்தம். அந்த 25-ஐ முழுக்கப் புது மாடல் தலையில் கட்டக்கூடாதுங்க. என் கடையில் எல்லாக் கோவை கம்பெனிகளின் சாதா 1 ஹெச்.பி.யும் குறைந்திருக்கிறது. ராஜ்கோட்டிலிருந்து விலை குறைந்த சரக்கு வருகிறதல்லவா. நீங்கள் புதிதாக எதுவும் செய்யாவிட்டாலும் மாதம் பத்து பம்பாவது குறைந்திருக்கும். உங்கள் டீலர்கள் நாலைந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் யாரிடம் விற்கிறீர்கள் என்பதும் கேள்வி. தோட்டத்துக்காரரிடம் போய் கரண்ட் மிச்சம் என்று சொன்னால் அவர் ஏன் கூட விலை கொடுப்பார்? விவசாய மின்சாரம் இலவசம். அவருக்குத் தண்ணீர் எவ்வளவு வருகிறது, வைண்டிங் எரியாமல் நிற்குமா, இதுதான் பேச்சு. அபார்ட்மென்ட், லாட்ஜ், ஹாஸ்டல் பக்கம் போங்க. ஒரு பம்புக்கு 150 வாட் குறைகிறது, தினம் 4 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் வருஷத்துக்கு 219 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 1,752 ரூபாய். கடையில் 1,500 கூட என்றாலும் பத்து, பதினோரு மாதத்தில் அவர்களுக்கு மிச்சம். அந்த இடத்தில் நீங்கள் விலையைக் குறைத்துப் பேசவே வேண்டாம்.

டூல்ரூம்_ஓசூர்:

டை அடித்த பிறகு எத்தனை முறை திருத்தினீர்கள்? கேட்பதற்குக் காரணம் உண்டு. டிசைன் உறுதியாகும் முன்னால் டை ஆர்டர் கொடுப்பதில்தான் சின்ன யூனிட்கள் மாட்டிக்கொள்கின்றன. முதலில், டை இல்லாமல் கம்பியால் வெட்டும் வயர்கட் மிஷினில் ஒரு பத்து மோட்டாருக்கு லேமினேஷன் வெட்டி, சுற்றி, சோதித்துப் பாருங்கள். ஒரு துண்டுக்கு விலை அதிகம்தான், ஆனால் மொத்தமாகப் பார்த்தால் டையில் ஒரு சின்னப் பங்கு. அது சரியில்லை என்றால் அங்கேயே நிறுத்தலாம், ஆறரை லட்சம் கையில் இருக்கும்.

கணபதி_பம்ப்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டேன்.

பழைய பம்பில் நின்றது 1,400. ஆறு டீலர்களிடம் கேட்டோம். மாதம் 10 எப்படியும் குறைந்திருக்கும் என்பதில் அப்பாவும் ஒத்துக்கொண்டார். ஆக புது மாடலால் குறைந்தது மாதம் 15, மொத்தம் 300 பம்ப், 4.2 லட்சம். முதல் லாட்டில் மெக்கானிக்கல் சீல் கசிந்து 60 பம்ப் திரும்பியது, அதில் 54,000. மீதி 18.26 லட்சம். செலவைக் கழித்தால் 58,000 மேலே நிற்கிறது. ஆனால் புது மாடலைத் தள்ள டீலர்களுக்கு 30 நாள் கூடுதலாகக் கடன் கொடுத்தேன். சுமார் 4.5 லட்சம் வெளியே நின்றது, பேங்க் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) வட்டி 11 சதவீதம், 20 மாதத்துக்கு 83,000 போல. ஆக இன்னும் 25,000 பாக்கி.

பழைய மாடலில் குறைந்ததைக் கழித்தால் இப்போது மாதம் 94,000 போல நிற்கிறது. அப்படியானால் முதல் ரூபாய் போட்டதிலிருந்து 36-ஆவது மாதத்தில் பணம் திரும்புகிறது. அப்பா அந்த எண்ணை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

ஓசூர் அண்ணா, நீங்கள் கேட்டது குத்திவிட்டது. டையை இரண்டு முறை திருத்தினோம், ஐந்து மாதம் போனது. மாதம் 94,000 என்ற இப்போதைய கணக்கில் அது மட்டும் 4.7 லட்சம். இதுவரை அதை நான் எந்த வரியிலும் எழுதவில்லை.

பொள்ளாச்சி அண்ணா, இந்த வாரம் ஆர்.எஸ்.புரத்தில் இரண்டு லாட்ஜ், ஒரு லேடீஸ் ஹாஸ்டல் பார்க்கப் போகிறேன். ஒரு பம்பை மாட்டி, எனர்ஜி மீட்டரும் வைத்து, ஒரு மாதம் ஓட்டிக் காட்டலாம் என்று நினைக்கிறேன். மீட்டர் ரீடிங்கை அவர்களே எழுதட்டும். அடுத்து 1.5 ஹெச்.பி. செய்யச் சொல்லி டிசைன் பையன் நச்சரிக்கிறான். வயர்கட் சாம்பிள் பத்து மோட்டாருக்குக் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். அது ஓடிக் காட்டாமல் டை கிடையாது என்று அவனிடம் சொல்லியாகிவிட்டது.