வாலில்லாத வேதிவால் குருவி: காட்பாடி முதல் ஜவ்வாது மலை வரை கண்டவர்கள் சொன்னவை

காட்பாடியிலிருந்து:

வேதிவால் குருவி என்றும் அரசவால் ஈப்பிடிப்பான் என்றும் சொல்லப்படும் பறவையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்த நீண்ட வெள்ளை வாலில்தான் தொடங்குகிறார்கள். நான் வாலில்லாததில் தொடங்குகிறேன். ஆறு குளிர்காலம் அது என் வீட்டுக் கொல்லைக்கு வந்து போயிருக்கிறது. ஆறு ஆண்டும் அதைத் தவறான பெயரிலேயே குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் கொல்லையில் தூர்ந்துபோன கிணறு ஒன்றும் அதன்மேல் கவிந்த புங்கமரமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை நன்றாகப் பெய்து, புங்கமரத்தடியில் கொசு மொய்க்கத் தொடங்கும் அக்டோபர் கடைசியில், செங்கல் நிற முதுகும் வெளிறிய வயிறும் கருந்தலையும் கொண்ட ஒரு குருவி அங்கே வந்து சேரும். தலையில் கொண்டை இருந்ததால் அது கொண்டைக்குருவி எனப்படும் சின்னானில் ஏதோ ஒரு வகையாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு நெட்டிலிங்கத்தில் பழம் பழுத்துச் சின்னான்களெல்லாம் அங்கே கூச்சலிட்டுக்கொண்டிருந்தபோதும் இது பழத்தின் பக்கம் தலைவைத்துப் பார்க்கவில்லை. அந்த ஒன்றே எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும், தரவில்லை.

அது உட்காரும் விதமே வேறு. கால் மிகக் குட்டையாதலால் கிளையில் குந்தியதுபோல், உடம்பை நிமிர்த்தி, அசையாமல் இருக்கும். திடீரென்று காற்றில் பாய்ந்து ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு, புறப்பட்ட கிளைக்கே திரும்பாமல் வேறொரு கொம்பில் போய் உட்காரும். கிணற்றுச் சுவரருகே நின்றால் அலகு மூடும் ‘டிக்’ என்னும் ஓசைகூடக் கேட்கும். அலகு அகலமானது, அதன் அடியில் மீசைபோல் விறைத்த மயிர்கள் உண்டு. கண்ணைச் சுற்றி மெல்லிய நீல வளையம் இருந்ததையும் பார்த்தேன். பார்த்தும் எழுதிக்கொள்ளவில்லை.

உண்மை தெரிந்தது அமிர்தியில். வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அமிர்திக் காடு. பிப்ரவரி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், உயிரியல் பூங்காவின் கூட்டத்தைத் தாண்டி ஓடையோரமாக நடந்துகொண்டிருந்தேன். பாறைக் குழியில் முழங்கால் அளவு நீர் தேங்கியிருந்தது. அதன்மேல் நீட்டிக்கொண்டிருந்த மூங்கிலிலிருந்து வெள்ளையாக ஏதோ ஒன்று நீரில் விழுந்தது. காகிதம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தக் காகிதம் எழுந்து மறுபடியும் மூங்கிலில் போய் உட்கார்ந்து உடம்பை உதறியது, மறுபடியும் விழுந்தது. நீரில் நின்று குளிக்கும் வழக்கம் இதற்கு இல்லை. கிளையிலிருந்து நீரில் பாய்ந்து, நனைந்து, கிளைக்கே மீளும். நான்கு முறை அப்படிச் செய்தது. நனைந்த வால் இறகுகள் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஈரத் திரிபோல் தொங்கின. கருநீலம் மின்னும் தலை, தலையில் கொண்டை, கண்ணைச் சுற்றி நீல வளையம்.

அப்போது பக்கத்துக் கிளையிலிருந்து ‘கிரீச்’ என்று கரகரத்த குரல் ஒன்று கேட்டது. திரும்பிப் பார்த்தால் என் கிணற்றடிக் குருவி. அதே பழுப்பு, அதே கொண்டை, அதே நீல வளையம். அது ஈப்பிடிப்பானின் பெண்.

தொண்டையைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பெண்ணுக்குத் தொண்டை சாம்பல் நிறம், வால் குட்டை. இளம் ஆணும் பழுப்பாக, குட்டை வாலோடுதான் இருக்கும். ஆனால் தொண்டை கறுத்திருக்கும். நீண்ட வால் வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். வளர்ந்த ஆணோ வெள்ளையாகவும் இருக்கலாம், வாலோடு கூடிய செம்பழுப்பாகவும் இருக்கலாம். 20 கிராம் அளவே எடையுள்ள ஒரு பறவைக்கு இத்தனை வேடங்கள். உங்களில் யாரேனும் இதே தவற்றைச் செய்திருந்தால் எழுதுங்கள். எனக்குச் சற்று ஆறுதலாக இருக்கும்.

குடியாத்தத்திலிருந்து:

காட்பாடி ஐயாவுக்கு ஆறுதல் சொல்லவே எழுதுகிறேன். நீங்கள் ஒரு பறவையைத் தவறாக எழுதினீர்கள். நான் ஒன்றை மூன்றாக எண்ணினேன். எங்கள் மாந்தோப்பில் நவம்பர் முதல் மார்ச் வரை பழுப்புக் குட்டைவால், பழுப்பு நீள்வால், வெள்ளை நீள்வால் என்று மூன்று இனங்கள் வந்து தங்குவதாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் விட்டேன். ஆசிரியை சொன்னதாயிற்றே, அவர்களும் அப்படியே நம்பிக்கொண்டார்கள். போன ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திதான், “மூணுக்கும் கண்ணு ஒரே மாதிரி இருக்கே டீச்சர்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

தோப்பில் நான் கவனித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூ வருவதற்கு முன் மாமரத்துக்கு மருந்தடிப்பது இங்கே வழக்கம். மருந்தடித்த வரிசைகளில் இந்தக் குருவி சில நாட்களுக்குத் தென்படுவதில்லை. மருந்து படாத பழைய நாட்டு மரங்கள் நிற்கும் வாய்க்கால் ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. பறக்கும் பூச்சியை நம்பி வாழ்கிற உயிர் வேறென்ன செய்யும்?

வாலாஜாபேட்டையிலிருந்து:

என் பாட்டி இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, நடுவயதில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். எங்கள் தெருவின் வேப்பமரத்தில் ஒருமுறை வெள்ளைவால் ஆணைக் கண்டதும் “ரெதி ஹொரா” என்றார். சிங்களத்தில் துணித் திருடன் என்று பொருளாம். கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியைக் கிழித்து எடுத்துக்கொண்டு பறப்பதுபோல் இருப்பதால் அந்தப் பெயர்.

பாட்டி இன்னொன்றும் சொன்னார்: தோட்டத்தில் ஆண்டு முழுதும் இருப்பது சிவப்புத் திருடன், வெள்ளைத் திருடன் பனிக்காலத்தில்தான் வருவான். அப்போது அதைக் கதையாகக் கேட்டுக்கொண்டேன். இலங்கையிலேயே தங்கி வாழும் உள்ளினத்தில் ஆண்கள் செம்பழுப்பாகவே இருப்பவை என்றும், அங்கே காணப்படும் வெள்ளை ஆண்கள் குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து வலசை போகிறவை என்றும் பின்னர் படித்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிழவியின் கண்ணை நினைத்து வியந்தேன்.

ஆலங்காயத்திலிருந்து:

மற்றவர்கள் குளிர்காலத்துப் பறவையைச் சொல்கிறீர்கள். நான் கூட்டைச் சொல்கிறேன். வடக்கிலிருந்து வலசை வருகின்றவை ஒருபுறம் இருக்க, தென்னிந்தியாவிலேயே தங்கி இனம்பெருக்குகின்றவையும் இவற்றில் உண்டு. எங்கள் மலையில் மே மாதக் கடைசியில், காவலூர் வானாய்வகத்துக்கு ஏறும் சாலையைவிட்டு விலகி, ஓடைச்சரிவு ஒன்றில் கூட்டைப் பார்த்தேன். நானாகக் கண்டுபிடிக்கவில்லை. சாமைக் கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்த மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர், “அந்தக் கரிச்சான் கூட்டுக்குக் கீழ பாரு சாமி, வால் தொங்குது பாரு” என்று கைகாட்டினார்.

உண்மையில் வால்தான் தொங்கியது. என் தலைக்கு இரண்டடி மேலே, மெல்லிய கிளைக்கவையில், தேநீர்க் குவளையைவிடச் சிறிய கிண்ணம். அதற்குள் வெள்ளை ஆண் அடைகாத்துக்கொண்டிருந்தது. உடம்பு முழுதும் கிண்ணத்துக்குள் அடங்கியிருக்க, வால் மட்டும் விளிம்புக்கு வெளியே வழிந்து காற்றில் ஆடியது. இவ்வளவு பகட்டான ஆண் அடைகாக்கும் வேலையில் பங்கெடுக்கும் என்று நான் நினைத்ததில்லை. கூடு கட்டுவதும், அடைகாப்பதும், குஞ்சுக்கு இரை கொடுப்பதும் இரண்டுக்கும் பொது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு பெண் வந்து கிளையில் உட்கார்ந்ததும் ஆண் எழுந்து போயிற்று. கூட்டின் வெளிப்புறம் முழுதும் சிலந்திவலையால் இழுத்துக் கட்டப்பட்டு, அதில் வெண்ணிறப் பூச்சிக்கூட்டுத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பெரியவர் சொன்ன கரிச்சான் கூடு அதற்கு மேலே உயரத்தில் இருந்தது. காக்கையோ வல்லூறோ அந்தப் பக்கம் வந்தால் கரிச்சான் விடாது துரத்தும். அந்தக் காவலின் நிழலில் ஈப்பிடிப்பான் கூடு வைப்பதை வேறு இடங்களிலும் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இனி எழுதப்போவது எனக்கு வருத்தமானது. கூட்டின் படத்தை இடம் சொல்லாமல் ஒரு நண்பருக்கு அனுப்பினேன். இடம் கேட்டார், சொன்னேன். தவறு என்னுடையதே. அடுத்த வாரம் நான்கு பேர் பெரிய கேமராக்களோடு வந்திருக்கிறார்கள். வெளிச்சம் போதவில்லை என்று கூட்டை மறைத்திருந்த இலைக்கொத்துகளை ஒடித்துப் போட்டிருந்தார்கள். நான் போனபோது ஒடித்த இலைகள் தரையில் வாடிக் கிடந்தன. கூடு வெயிலில் அப்பட்டமாக நின்றது. குஞ்சு பொரிக்க 14 முதல் 16 நாள் ஆகும். பொரித்த பின் 10 நாள் கடந்தால் குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கிவிடும். அவ்வளவு சிறிய காலம் பொறுக்க அவர்களால் முடியவில்லை. மூன்றாம் நாள் கூடு காலி. வால்காக்கையோ ஓணானோ பாம்போ, எது கொண்டுபோயிற்று என்று நான் பார்க்கவில்லை. அன்றுமுதல் கூட்டின் இடத்தை யாருக்கும் சொல்வதில்லை, இங்கும் சொல்லவில்லை.

திருப்பத்தூரிலிருந்து:

கூட்டைப் பற்றிய வேதனையில் நானும் பங்கு கொள்கிறேன். கரிச்சானைப் பற்றி மட்டும் ஒரு சிறு சேர்க்கை. 1758-இல் லின்னேயஸ் இந்தப் பறவைக்குப் பெயரிட்டபோது காக்கைப் பேரினத்தில் சேர்த்து ‘கார்வஸ் பாரடைசி’ என்று எழுதினார். இப்போது அது ‘டெர்ப்சிஃபோனே பாரடைசி’. நெடுங்காலம் மற்ற ஈப்பிடிப்பான்களோடு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள்; பிறகு அதைப் பிரித்து மோனார்க் குடும்பத்தில் சேர்த்தார்கள். அந்தக் குடும்பம் மற்ற ஈப்பிடிப்பான்களைவிடக் கரிச்சானுக்கும் கீச்சானுக்கும் காக்கைக்கும் நெருங்கிய உறவு. ஆகவே ஆலங்காயத்தில் அது கரிச்சானின் காவலில் கூடு வைத்தது ஒருவகையில் பங்காளி வீட்டுத் திண்ணையில் குடியேறியது போலத்தான். (பங்காளிகள் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பது எங்கள் ஊரில் அரிது.)

காட்பாடியிலிருந்து, மீண்டும்:

ஆலங்காயத்து நண்பருக்கு: இடத்தைச் சொன்னது குற்றமென்று தாங்கள் தங்களையே கடிந்துகொள்வதைவிட, இலையை ஒடித்த கைகளைக் கடிந்துகொள்வதே நியாயம். ஆனாலும் இனி நானும் கூட்டின் இடத்தைக் கேட்கமாட்டேன்.

குடியாத்தத்து அம்மாவின் மாணவி கேட்ட கேள்வியைப் படித்தபின் பழைய குறிப்பேடுகளை எடுத்தேன். “சின்னான் வகை, பழுப்பு, பழம் தின்னவில்லை” என்று ஆறு ஆண்டுகளில் பதினொரு இடங்களில் இருந்தது. அவற்றை அடித்துத் திருத்தலாம் என்று உட்கார்ந்தபோதுதான் கை நின்றது: பதினொன்றில் ஓரிடத்தில்கூடத் தொண்டையின் நிறத்தை எழுதவில்லை. வந்துபோனது பெண்ணா, இன்னும் வால் வளராத இளம் ஆணா, ஒவ்வோர் ஆண்டும் ஒரே பறவையா, வேறு வேறா என்பதை இனி அந்தக் குறிப்புகளிலிருந்து யாரும் சொல்ல முடியாது. எனவே சின்னான் என்பதை மட்டும் அடித்துவிட்டு, ஓரத்தில் ‘தொண்டை?’ என்று பென்சிலால் எழுதி வைத்தேன். இந்த அக்டோபரில் கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்காரப்போகிறேன்.