ஜெர்மனியில் பயன்பாட்டு மாதிரிப் பதிவு: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோவையில் அண்ணனும் நானும் சின்ன லேத் பட்டறை நடத்துகிறோம். ஸ்பேனர் இல்லாமலே பம்பில் கழற்றி மாட்டுகிற ஒரு கப்ளிங் செய்தோம். மூன்று வருட உழைப்பு. நான்கு மாதம் முன்பு ஒரு கண்காட்சியில் வைத்து, படம் போட்ட நோட்டீசும் கொடுத்துவிட்டோம். விண்ணப்பிக்கும் முன்பே வெளியே காட்டியதால் இனி காப்புரிமை கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள். டிசைன் பதிவு தோற்றத்தை மட்டும்தான் காக்கும். எங்கள் கண்டுபிடிப்போ கப்ளிங் உள்ளே இருக்கும் பூட்டில் இருக்கிறது. பயன்பாட்டு மாதிரி (utility model) என்பது கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை போலவே, ஆனால் எளிதாகக் கிடைக்கும் பதிவு. அதற்கு இந்தியாவில் சட்டமே இல்லை.

ஜெர்மனியில் 1891 முதலே இருக்கிறது. புதுமையை ஆராயாமலே பதிவு செய்கிறார்கள், அதிகபட்சம் 10 ஆண்டு பாதுகாப்பு. செய்முறைக்குக் கிடையாது, பொருளுக்கு உண்டு. முக்கியமாக, நாமே வெளியிட்டிருந்தால் அதிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு இன்னும் இரண்டே மாதம். அங்கிருந்து ஒருவர் விலை கேட்டு எழுதியும் இருக்கிறார்.

இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க, நம் காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். பயன்பாட்டு மாதிரிக்கும் அது பொருந்துமா? இதுதான் பெரிய குழப்பம். அப்புறம், அங்கே ஒரு வழக்கறிஞரை அமர்த்த உங்களுக்கு எவ்வளவு ஆனது? ஆராயாமல் கொடுத்த பதிவு, யாராவது எதிர்த்தால் தாங்குமா? நேரடியாகச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.