சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா): ஓகேயூ கார்டு வந்தால்தான் சிறப்பு வகுப்பா?

கேள்வி
வணக்கம். எங்கள் தோட்டத்துப் பையன், வயது 7. ‘கொக்கு’ என்றால் ‘தொத்து’ என்பான். பென்சில் பிடிக்க விரல் நிற்காது. முதலாம் ஆண்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். ஓகேயூ கார்டு (உடற்பேறு குறைந்தோர் அட்டை) வந்த பிறகு பார்க்கலாம் என்று பள்ளியில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். சட்டம் அப்படித்தானா? அம்மா பால்மரம் வெட்டுகிறவர், அடிக்கடி லீவு கிடைக்காது.

பதில் 1
கார்டு வேறு, வகுப்பு வேறு. கார்டு, 2008-ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டத்தின் (சட்டம் 685) கீழ் சமூக நல இலாகா தருவது. வகுப்புக்கு 2013-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகள்தான் பேசும். அவை கேட்பது மருத்துவர், கண் பரிசோதகர், செவித்திறன் நிபுணர், உளவியலாளர் ஆகியோரில் உரியவர் தரும் சான்று. அரசாங்க மருத்துவமனைதான் என்றில்லை, தனியாரும் தரலாம். கார்டுக்கும் தனியாக மனுப் போட்டு வையுங்கள்.

முதலில் காதைச் சோதியுங்கள். காது கேட்காத பிள்ளையைக் கற்றல் குறைபாடு என்று எழுதிவிட்டால் வகுப்பே மாறிப்போகும். சான்றில் ‘லம்பாட் பெர்ச்சாக்காப்’ (பேச்சுத் தாமதம்) என்று மட்டும் இருந்தால் போதாது. பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல், இவற்றில் எது, அல்லது எவையெல்லாம் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பதில் 2
தமிழ்ப்பள்ளிகள் எல்லாவற்றிலும் பிபிகேஐ வகுப்பு (சாதாரணப் பள்ளிக்குள் நடக்கும் சிறப்புக் கல்வி வகுப்பு) கிடையாது. அதனால் மனுவைக் கோலகங்சார் மாவட்டக் கல்வி இலாகாவின் சிறப்புக் கல்விப் பிரிவுக்கும் கொடுங்கள். இரண்டு பிரதி, ஒன்றில் ‘தெரிமா’ (பெற்றுக்கொண்டோம்) முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லுக்கு மேல்முறையீடு செய்ய வழியில்லை, காகிதத்துக்கு உண்டு.

இடம் கிடைத்ததும் 3 மாதத்துக்கு மேற்படாத தகுதிகாண் காலம் இருக்கும். பெற்றோர் பலர் அதைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். எந்த வகுப்பு பொருந்தும் என்று பார்க்கும் காலம் அது. வீட்டுக்கு அனுப்பும் காலமல்ல. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் மறுக்கக் கூடாது என்பதே அமைச்சின் கொள்கை. இடம் கிடைக்கும்வரை பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தவே வேண்டாம். 1996 கல்விச் சட்டம் 29ஏ பிரிவின்படி ஆரம்பக் கல்வி கட்டாயம்.

சேர்ந்த பிறகு மாதம் 150 ரிங்கிட் அலவன்ஸ் உண்டு, அதையும் கேளுங்கள்.

பதில் 3
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். யூடியூப்பில் சொல்லும் ‘ஐஈபி’ (பிள்ளைக்கென்று எழுதும் தனிக் கல்வித் திட்டம்) அமெரிக்காவின் ஐடிஈஏ என்ற சிறப்புக் கல்விச் சட்டத்தில் வருவது. அங்கே பெற்றோர் விசாரணை கேட்டு வாதாடலாம். இங்கே அதைப் போன்ற ஆர்பிஐ என்ற தனியாள் கல்வித் திட்டம் உண்டு, அந்த விசாரணை முறை கிடையாது. அதனால் ஆர்பிஐயில் என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். ‘பேச்சு மேம்பட வேண்டும்’ என்று எழுதினால் யாராலும் அளக்க முடியாது. ‘3 மாதத்தில் ‘க’வில் தொடங்கும் 10 சொற்களைப் படம் பார்த்துத் தெளிவாகச் சொல்வான், வாரம் இருமுறை பயிற்சி, பொறுப்பு இந்த ஆசிரியர்’ என்று எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் அம்மாவுக்குத் தமிழில் படித்துக்காட்டுங்கள்.