உதவி: ‘வல்னரபிள்’ என்பதற்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்கிழமைக்குள்

செல்லூர், செவ்வாய் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய பாடம் ஒரே ஒரு சொல்லால் நிற்கிறது. தமிழ்வழியில் உளவியலும் சமூகப்பணியும் படிக்கிற பிள்ளைகளுக்கான பாடம். உளச்சிகிச்சை ஆய்வுகளில் யாரைச் சேர்க்கிறோம், சேர்த்தால் அவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் பொருள். பக்கத்துக்கு நாலு தடவை ‘வல்னரபிள்’ (vulnerable) என்ற ஆங்கிலச்சொல் வருகிறது, எளிதில் தீங்குக்கு ஆளாகக்கூடியவர் என்ற பொருளில். சிறுவர், அகதிகள், சிறையில் இருப்பவர், மனநோயோடு வாழ்பவர், வீட்டில் அடிக்குப் பயந்து கிடக்கிற பெண் எல்லாருக்கும் சேர்த்து அந்த ஒரு சொல்.

பாடத்தின் கடைசியில் ஒரு மாதிரி ஒப்புதல் படிவமும் உண்டு. ஆய்வில் சேருகிறவரிடம் வாசித்துக்காட்ட வேண்டிய படிவம். முதல் வரைவில் ‘நலிவுற்றோர்’ என்று போட்டிருந்தேன். அரசு அறிவிப்புகளில் ‘பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவினர்’ என்று இருப்பதால் பிள்ளைகளுக்குப் பழகிய சொல் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை எங்கள் தெரு மகளிர் குழுவில் படிவத்தை வாசித்துப் பார்த்தேன். “தங்களைப் போன்ற நலிவுற்ற பிரிவினர்” என்ற வரி வந்ததும் இட்லிக்கடை அக்கா, மாவு காய்ந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே, “நாங்க என்ன நலிஞ்சா போயிட்டோம் டீச்சர்? நாலு மணிக்கு எந்திரிச்சு நாப்பது பேருக்கு அவிச்சுப் போடுறேன்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேறு யாருக்கோ எழுதியதை நான் தப்பாக அவரிடம் வாசிப்பதுபோலக் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

அவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய சொல் வேண்டும். அதுதான் கேட்கிறேன்.

— செல்லூர்

திருமங்கலம், புதன் காலை

அன்புள்ள செல்லூர் அம்மாவுக்கு,

இலத்தீனில் ‘வுல்னுஸ்’ என்றால் புண். புண்படக்கூடிய தன்மைதான் வல்னரபிள். தமிழில் இதற்கு வேர் தேடினால் நேரே ‘நொ’வில் போய் நிற்கலாம். ஓரெழுத்து ஒருமொழி நாற்பத்திரண்டில் நெடில் நாற்பது போக, குறில் இரண்டே இரண்டு: நொ, து. நொ என்றால் வருந்து. அதன் இனம்தான் நோ, நோய், நோவு, நொந்து எல்லாம். நொய்யும் அந்த இனம் என்றே நினைக்கிறேன். நொய் என்றால் மென்மையானது, எளிதில் உடைவது. நம் வீட்டில் கஞ்சி காய்ச்சுகிற நொய்யரிசியும் அதுவே. ‘நொய்யரிசி கொதி பொறுக்காது’ என்று நம் பாட்டிகள் சொன்ன பழமொழியில் இந்தக் கருத்து முழுசாக இருக்கிறது.

ஆகவே ‘நொய்ம்மை’, ‘நொய்யோர்’. ஈரசை, சுத்தத் தமிழ், பன்மையும் பண்புப்பெயரும் தானாக வருகின்றன. வகுப்பில் ஒரு தடவை பழமொழியைச் சொல்லிவிட்டால் எந்தப் பிள்ளையும் மறக்காது.

— திருமங்கலம்

உசிலம்பட்டி, புதன் மதியம்

ஐயா, நொய்ம்மையைத் தேடிப் படிக்கிறவர் அகராதியைத் திறக்க வேண்டும். செய்தித்தாளில் ‘எளிதில் பாதிக்கப்படக்கூடிய’ என்று தினமும் வருகிறது. கொரோனா காலத்தில் சிறுவர் முதல் முதியவர் வரை காதில் விழுந்த தொடர் அது. நான் மருந்துக் குறிப்புகளை மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன். புரியாத சொல்லை நோயாளி தாண்டிப் போய்விடுவார். தாண்டிய இடத்தில்தான் ஆபத்து இருக்கும்.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் ஊர்ப் பாட்டிகளைப் பயிற்றுவித்து, மருத்துவமனை வாசலில் பெஞ்சு போட்டு உட்காரவைத்து நடத்திய சிகிச்சை ஆய்வு 2016இல் வெளியானது. 24 மருத்துவ நிலையங்கள், 573 பேர். அங்கே மனச்சோர்வு என்று புதுச்சொல் காய்ச்சவில்லை. ஷோனா மக்கள் ஏற்கெனவே சொல்லிவந்த ‘குஃபுங்கிசிசா’, அதாவது ‘ரொம்ப யோசிக்கிறது’ என்பதையே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் “ஒரே ரோசனையா இருக்கு” என்கிறோமே, அதேதான். சனம் சொல்கிற சொல்லிலிருந்து தொடங்குவோம்.

— உசிலம்பட்டி

மேலூர், புதன் மாலை

திருமங்கலத்து ஐயா மன்னிக்கணும். நொய்யரிசிப் பழமொழி அரிசியைத்தான் குறை சொல்கிறது. கொதியை யாரும் கேட்கவில்லை.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். மனநோய்க்கு மாத்திரை வாங்க மாதாமாதம் பஸ் ஏறி மதுரைக்குப் போனவர்களை நன்றாகத் தெரியும். பஸ்ஸுக்குக் காசில்லாத மாதம் மாத்திரை நிற்கும். மாத்திரை நின்றால் நோய் திரும்பும். அவர் மனசு நொய்ந்ததா, பஸ்காசு இல்லாததா?

எங்கள் பகுதி பெரியாற்றுப் பாசனத்தின் கடைசி. 1895இல் அணை திறந்த நாளிலிருந்து எங்கள் பாட்டன்மார் மடையைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். கடைமடைக்காரன் சோம்பேறி இல்லை. அவன் மண்ணும் மட்டமில்லை. தலைமடைக்காரன் உழுகிற அதே உழவுதான் உழுகிறான். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அவன் வயல். அவன் நிற்கிற இடம் அப்படி. என் சொல் ‘கடைமடையோர்’. நிலையைச் சொல்ல ‘கடைமடை நிலை’. இட்லிக்கடை அம்மாவுக்கு இது சட்டென்று புரியும், அவமானமாகவும் இருக்காது.

— மேலூர்

திருமங்கலம், புதன் இரவு

மேலூர் அம்மா சொன்ன குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நொய்யை விட்டுவிட்டேன். ஆனால் கடைமடை உவமை. உவமையைக் கலைச்சொல்லாக்கினால் எல்லை தெரியாது. பேராசிரியர் நடத்தும் ஆய்வில் அவரிடமே படிக்கும் மாணவனும் இந்த வகையில் வருகிறான் என்று அறிகிறேன். அவனுக்குத் தண்ணீர்ப் பஞ்சமில்லை. மறுக்க வாய் வராது, அவ்வளவுதான்.

சாயங்காலத்திலிருந்து யோசித்ததில் ‘ஊறு’ கிடைத்தது. பெறு, பேறு. கெடு, கேடு. அதுபோல உறு, ஊறு: முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஊறு என்றால் துன்பம், காயம். இடையூறு என்பதில் இன்றும் வாழ்கிறது. அதே சொல்லுக்குத் தொடுஉணர்வு என்றும் பொருள். ‘சுவையொளி ஊறோசை நாற்றம்’ என்ற குறளில் அப்படித்தான் வருகிறது. தீண்டலை உணரும் உடம்புதான் காயமும் படும். இவ்விரண்டையும் ஒரே சொல்லில் வைத்த மொழி நம் மொழி. ‘ஊறுபடுநிலை’ என்று சொல்லிப்பாருங்கள். மேலூர் அம்மா கேட்டபடி இது ஆளைச் சொல்லவில்லை, நிலையைத்தான் சொல்கிறது. ‘பாதிப்பு’ வடமொழி ‘பாதா’விலிருந்து வந்தது என்பதையும் உசிலம்பட்டித் தம்பி கவனிக்க வேண்டும்.

— திருமங்கலம்

உசிலம்பட்டி, புதன் இரவு

ஐயா, எங்கள் அம்மாவிடம் ‘ஊறுபடுநிலை’ என்றேன். “எதை ஊறப்போடணும்?” என்றார். அவர் பத்தாவது வரை படித்தவர்.

— உசிலம்பட்டி

அண்ணாநகர், வியாழன் காலை

நான் மனநல மருத்துவர். சொல்லாக்கம் என் துறை இல்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, நீங்கள் சண்டை போடுகிற அதே இடத்தில்தான் துறையும் நகர்ந்திருக்கிறது. ஃப்ளோரென்சியா லூனா என்ற அர்ஜென்டினா மெய்யியலாளர், இதை ஆள்மேல் ஒட்டும் முத்திரையாகப் பார்க்காமல், ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும் அடுக்குகளாகப் பார்க்கச் சொல்லி 2009இல் எழுதினார். ஓர் அடுக்கு விலகலாம், இன்னொன்று சேரலாம். மனிதர்களை வைத்து நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறையாக 1964இல் வந்த ஹெல்சிங்கி அறிக்கையை 2024 அக்டோபரில் திருத்தியபோது, சிலர் கூடுதலாகப் பாதிக்கப்படும் ‘நிலைமையில்’ இருக்கிறார்கள், அதன் காரணங்கள் சூழலுக்கேற்ப மாறவும் கூடும் என்று எழுதினார்கள். சேர்ப்பதில் உள்ள தீங்கோடு ஒதுக்கிவைப்பதில் உள்ள தீங்கையும் எடைபோடச் சொன்னார்கள். நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறையில் இதற்கென்றே தனிப்பிரிவு உண்டு. திருமங்கலத்து ஐயா சொன்ன மாணவன் அதில் இருக்கிறான். ஆகவே ‘-ஓர்’ வேண்டாம், ‘நிலை’ வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டு, தனிமடலில் ஒருவர் ‘காப்பு வேண்டுவோர்’ என்று எழுதியிருந்தார். வேண்டாம். செய்தித்தாளில் காப்பு என்றால் கைவிலங்கு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த இடத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்கள் ஓட முடியாமல் செத்தார்கள். 28 பேர். இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர். சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்திலேயே எழுத வேண்டியிருந்தது. அந்த மக்களைக் குறிக்கிற சொல்லில் விலங்கின் சாயல்கூட விழக்கூடாது.

— அண்ணாநகர்

உச்சப்பட்டி, வியாழன் மதியம்

வணக்கம். நான் இங்குள்ள முகாமில் வளர்ந்தவன். 2021 வரை எங்கள் முகவரியில் ‘அகதிகள் முகாம்’ என்று இருந்தது. அந்த ஆண்டு அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. வீடு அதே வீடுதான். ஆனால் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் என் தங்கச்சி அந்த வரியைக் கை நடுங்காமல் எழுதினாள். பெயர் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் அதுதான்.

ஒரு சின்னக் கேள்வியும் உண்டு. பாடம் முழுக்க ‘உளச்சிகிச்சை’ என்றே போகிறதே. எங்கள் ஊர்ப்பக்கம் ‘ஆற்றுப்படுத்தல்’, ‘உளவளத்துணை’ என்போம். சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் இரண்டு சிகிச்சை முறைகளை ஒப்பிட்ட ஆய்வு 2009இல் வந்தது. ஒரு குழுவில் பிள்ளைகள் தங்கள் கதையை ஆதியிலிருந்து சொன்னார்கள். மற்றதில் தியானமும் தளர்வுப் பயிற்சியும். பயிற்சிபெற்ற உள்ளூர் ஆட்கள்தான் நடத்தினார்கள். இரண்டு குழுவும் தேறின. பாடத்தில் அதைச் சேர்த்தால் தமிழ்ப் பிள்ளைகள் பங்கெடுத்த ஆய்வு ஒன்று இருக்கும்.

— உச்சப்பட்டி

திருமங்கலம், வியாழன் மாலை

உச்சப்பட்டித் தம்பி, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். ஆற்றுப்படை என்பதில் ஆறு என்றால் வழி. பரிசு பெற்றவன், பெறாதவனை இன்ன வழியில் போ என்று அனுப்புவது. திருமுருகாற்றுப்படையில் நம் பரங்குன்றம்தான் முதலில் வருகிறது. வழி தெரிந்தவன் வழி தெரியாதவனோடு பேசுகிற இலக்கியம் அது. ஆனால் கேட்கிறவர் காதில் ‘புண் ஆறுகிறது’, ‘சூடு ஆறுகிறது’ என்ற ஆறும் சேர்ந்தே விழுகிறது. வழிகாட்டலும் தணித்தலும் ஒருங்கே வந்துவிட்டன. குழந்தைகள் பாதுகாப்பு அலகு வேலை விளம்பரங்களில் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று நம் அரசும் எடுத்துக்கொண்டது. ஆற்றுவிப்பு, ஆற்றுகை என்ற வடிவங்களைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதுகிறேன்.

— திருமங்கலம்

செல்லூர், வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. ஆற்றுப்படுத்தலை அடுத்த பாடத்துக்கு வைத்துக்கொள்கிறேன். 31 பிள்ளைகளின் ஆய்வு சேர்ந்துவிட்டது.

சொல்லுக்கு வருகிறேன். தனிமடல்களையும் சேர்த்து, கருத்துச் சொன்ன ஒன்பது பேரில் ஐந்து பேர் ‘எளிதில் பாதிப்புக்குள்ளாகும் நிலை’ என்கிறீர்கள். நீளம்தான், வடமொழி கலந்ததுதான். ஆனாலும் ஆளை விட்டு நிலையைச் சொல்கிறது, யாரும் எதையும் ஊறப்போட வேண்டியதில்லை. பாடத்தில் அதுவே போகிறது. ‘ஊறுபடுநிலை’ அடிக்குறிப்பில் இருக்கும்.

படிவத்தில் எந்தப் பெயர்ச்சொல்லும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். இப்படி எழுதினேன்: “உங்கள் இப்போதைய சூழ்நிலையில் ‘வேண்டாம்’ என்று சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம். நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.”

சாயங்காலம் கடைக்கே போய் வாசித்தேன். அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “வேண்டாம்னு சொன்னா குழு லோன் நிக்காதுல்ல?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தக் குழுவுக்கு என்னை அழைத்துப் போனதே லோன் எழுதுகிற அம்மாதான். நான் நாற்காலியில் இருந்தேன், அக்கா தரையில். பாடத்தில் நாலு பக்கம் விளக்கிய விஷயம் அன்றைக்கு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

படிவத்தில் இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன்: “இதில் சேராவிட்டாலும் உங்கள் கடன், ரேஷன், மருத்துவம் எதுவும் நிற்காது.” லோன் எழுதுகிறவரை வைத்துக்கொண்டு படிவத்தை வாசிக்கக்கூடாது என்று பாடத்திலும் ஒரு பத்தி எழுதினேன்.

— செல்லூர்

மேலூர், வெள்ளி காலை

அந்த அம்மா கேட்டாரே, லோன் நிக்காதுல்ல என்று. மடையை யார் திறக்கிறார், யார் அடைக்கிறார் என்பதுதான் அந்தக் கேள்வி. என் ஓட்டு இன்னமும் கடைமடைக்குத்தான். ஆறாவது ஆள் வந்தாலும் மாற்ற மாட்டேன். அடிக்குறிப்பில் திருமங்கலத்து ஐயாவின் சொல்லுக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள் தாயி. அச்சகத்துக்கு எத்தனை மணிக்கு அனுப்புகிறீர்கள்?

— மேலூர்