மூச்சு இழுப்புள்ள பிள்ளையைக் கிளினிக்கில் சேர்ப்பது எப்படி? (கொட்டாஞ்சேனை)

கேட்டவர்: கொட்டாஞ்சேனை டீச்சர்

வணக்கம். நான் முன்பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான், வருகிற ஜனவரியில் முதலாம் வகுப்பு. மழை தொடங்கினால் அவனுக்கு இழுப்பு வந்துவிடும். நடுராத்திரியில் த்ரீவீலில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், நெபுலைசர் பிடித்துக் குறைந்ததும் வீட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்த மழைக்குத் திரும்ப அதே ஓட்டம். ஒருமுறை கிளினிக்குக்குத் துண்டு கொடுத்திருக்கிறார்கள். அது அம்மாவின் பேக்கில் நாலாக மடித்தபடி கிடக்கிறது, திகதி எப்போதோ போய்விட்டது.

ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா புறக்கோட்டையில் நாட்டாமி (மூட்டை தூக்குகிறவர்), அம்மா ஒரு பலசரக்குக் கடையில் பொதி கட்டுகிறா. போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. நான் கேட்டதற்கு அவ சொன்னது: "மருந்து சும்மாதான் குடுக்கிறாங்க டீச்சர். என்ன கேக்கிறாங்கன்னு விளங்காம நிக்கிறதுதான் கஷ்டம்." பம்ப் (இன்ஹேலர்) பழகினால் பிறகு விடமுடியாது என்று அக்கம்பக்கத்தில் யாரோ பயமும் காட்டியிருக்கிறார்கள். பதிவெல்லாம் ஊரில் இருப்பதால் இங்கே பார்ப்பார்களோ என்று அப்பாவுக்கு யோசனை.

ஒரு நாள் லீவு போட்டு நானே கூட்டிப் போகத் தயார். எங்கே போவது, யாரைக் கேட்பது?

பதில்: ஓய்வுபெற்ற தாதி, தெமட்டகொடை

டீச்சர், நீங்கள் கேட்டது நல்லதாய்ப் போச்சு. பிள்ளைகள் வாட்டில் பல வருடம் இருந்தவள் நான். ஒரே முகங்கள் ராத்திரி ராத்திரியாகத் திரும்பி வருவதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. நெபுலைசர் அந்த நேரத்து மூச்சைத் திறந்துவிடும், அவ்வளவுதான். மூச்சுக்குழாய் உள்ளே வீங்கித்தான் இருக்கும். அந்த வீக்கத்தை அடக்குகிற மருந்து கிளினிக்கில்தான் தொடங்கும்.

பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் காலையில் வேளைக்கே போங்கள். 1895 இல் தொடங்கினது, பிள்ளைகளுக்கென்றே இருக்கிற இடம், நாடு முழுவதிலுமிருந்து வருகிறார்கள், பதிவு எந்த ஊரில் என்பது அங்கே பிரச்சினை இல்லை. ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) டொக்டரிடம் "அடிக்கடி இழுப்பு வருது, கிளினிக்கில் போடுங்க" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்காவிட்டால் அன்றைய மருந்தோடு அனுப்பிவிட இடமுண்டு, கூட்டம் அப்படி. பழைய துண்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், கசங்கினதென்று எறிய வேண்டாம்.

பம்ப் விஷயம். நீலநிறம் இழுப்பு வந்தால் மட்டும். பெரும்பாலும் மண்நிறத்தில் இன்னொன்று தருவார்கள், அது இழுப்பு இல்லாத நாளிலும் தினமும் அடிக்க வேண்டியது. பிள்ளை சுகமாக ஓடித் திரிகிறானே என்று இதை நிறுத்திவிடுவார்கள், பத்தாம் நாள் ராத்திரி ஆஸ்பத்திரி. அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இது பழக்கமாகிற மருந்து இல்லை. மூச்சுக்குழாய்க்கு நேரே, குறைந்த அளவில் போகிறது, அம்மாவிடம் இதை நீங்களே சொல்லுங்கள், உங்கள் வாயால் சொன்னால் நம்புவா.

ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்துகிற குழாய்) இல்லாமல் நேரே வாயில் அடித்தால் பாதி தொண்டையில் ஒட்டிவிடும். வாங்க வசதியில்லையென்றால் 500 மில்லி பிளாஸ்டிக் போத்தல் போதும். தென்னாபிரிக்காவில் இதைப் பரிசோதித்து 1999 இல் எழுதினார்கள், கடையில் விற்கிற ஸ்பேசருக்குக் குறையாமல் வேலை செய்தது. போத்தலின் அடியில் பம்பின் வாய் அளவுக்குச் சூடான கம்பியால் துளை போட்டு, பம்பைச் செருகி, காற்றுப் போகாமல் சுற்றி ஒட்ட வேண்டும். பிள்ளை போத்தல் வாயில் உதடு பொத்தி வைத்து, ஒரு தடவை அடித்ததும் நிதானமாக நாலைந்து மூச்சு எடுக்கட்டும். பிறகு அடுத்த தடவை. செய்ததைக் கிளினிக்கில் ஒருமுறை காட்டிவிட்டுப் பாவியுங்கள்.

வீட்டையும் பாருங்கள். ஒரே அறையில் ஜன்னல் பூட்டி நுளம்புத்திரி கொளுத்தினால் எந்த மருந்தும் நிற்காது. வலை கட்டச் சொல்லுங்கள். சாம்பிராணியும் சிகரட்டும் அந்த அறைக்குள் கூடாது.

விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளிழுத்தால், ஒரு வசனம் முடிக்க மூச்சுப் போதாவிட்டால், உதடு நீலித்தால், த்ரீவீல் தேடி நிற்க வேண்டாம், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

பதில்: மட்டக்குளி அப்பா

1990 வண்டிக்குக் காசு இல்லை. என் மாமியாருக்கு அழைத்தபோது தமிழில்தான் கதைத்தார்கள். அருகிலுள்ள கோயில், பள்ளிக்கூடம், சந்திக் கடை என்று அடையாளம் சொல்லப் பழக்கிவையுங்கள், எங்கள் தோட்டங்களில் (கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளில்) வீட்டு இலக்கம் கண்டுபிடிப்பது பாடு.

பாஷை பற்றி: 1988 இல் அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் வந்ததிலிருந்து அரச அலுவலகத்தில் தமிழில் பதில் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் கியூவில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற தாய்க்குச் சட்டம் உடனே உதவாது. நாங்கள் செய்தது: எப்போது தொடங்கியது, மாதத்தில் எத்தனை தடவை, என்ன மருந்து, எதற்கு அலர்ஜி என்று ஒரு தாளில் சிங்களத்தில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்தோம். டொக்டர் வாசித்துவிட்டு நேரே பரிசோதனைக்கு வந்துவிடுவார். டீச்சர், உங்கள் பள்ளியில் சிங்களம் தெரிந்த யாரிடமாவது எழுதி வாங்குங்கள்.

சம்பளத்துக்கு: அப்பா ஒரு தடவை, அம்மா ஒரு தடவை என்று மாறிப் போகச் சொல்லுங்கள். நாள் முன்கூட்டித் தெரிந்தால் முதலாளியிடமும் கேட்கலாம்.

கேட்டவர்: கொட்டாஞ்சேனை டீச்சர்

மிஸ், அண்ணா, இருவருக்கும் நன்றி. இன்னொன்று: பிள்ளையின் சுகாதாரப் புத்தகம் ஊரில் பாட்டியிடமாம். ஒன்றரை வயது ஊசிக்குப் பிறகு ஒன்றும் போட்ட நினைவில்லை என்கிறா. ஆளும் சின்னன், வகுப்பில் கடைசிச் சட்டை அளவு அவனுடையது.

பதில்: ஓய்வுபெற்ற தாதி, தெமட்டகொடை

அப்படியென்றால் மூன்று வயது எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசி தவறியிருக்கும், ஐந்து வயது ஊசியும் சொட்டு மருந்தும் இப்போது வருகிறது. முதலாம் வகுப்புக்குத் தடுப்பூசிப் பதிவைக் கேட்பார்கள். பாட்டியிடம் புத்தகத்தை யாராவது வருகிறவர் கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அதுவரை முழுப் பக்கங்களையும் படம் பிடித்து போனில் அனுப்பினால் போதும், எந்த ஊசி எந்தத் திகதி என்று அதில் இருக்கும்.

கொழும்பு மாநகரசபையின் தாய் சேய் கிளினிக் உங்கள் பகுதிக்கு எது என்று மாநகரசபைச் சுகாதாரப் பிரிவில் கேளுங்கள். அங்கே மருத்துவமாதுவிடம் பெயரைக் கொடுத்து நிறையும் உயரமும் எடுக்கச் சொல்லுங்கள். இப்போது குடியிருக்கிற இடம்தான் அவர்களுக்குக் கணக்கு, வாக்காளர் இடாப்பு இல்லை. இந்த இரண்டு வேலையையும் இழுப்புக் கிளினிக் வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம், டிசம்பரில் எல்லோரும் வந்து நெரிவார்கள்.